வடக்கே போகும் மணல்

முதல் நாள்: வீராம்பட்டினம், முகத்துவாரம், காந்தி சிலை

எங்கள் தலைமுறைக்குப் புதுச்சேரிக் கடற்கரை என்றால் கருங்கல். 1992 கோடை விடுமுறையில் மாமா என்னைக் கடலூரிலிருந்து முதல்முறையாகக் காந்தி சிலைக்கு அழைத்துவந்தபோது, மணல் வீடு கட்டக் கொண்டுவந்த பிளாஸ்டிக் வாளியோடு பாறைகளுக்கு முன்னால் நின்று நான் அழுததை அத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அலை பாறையில் மோதித் தெறித்ததே தவிர, கால் வைக்க ஒரு சாண் மணல் இல்லை. கடற்கரை அப்படித்தான் இருக்கும் போலும் என்று நானும் நம்பிவிட்டேன். அந்த மணல் எங்கே போனது என்று கேட்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மாசி மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்ததும் திருச்சியிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

மாமாவுக்கு எழுபத்து மூன்று வயது. வாய்க்கால், மதகு, ஏரிக்கரை என்று அரசுப் பணியில் முப்பது ஆண்டுகள் நடந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் காத்திருந்தவர், காந்தி சிலைக்குப் போகலாம் என்ற என்னை நேர் எதிர்த் திசையில், தெற்கே வீராம்பட்டினத்துக்குப் போகும் ஆட்டோவில் ஏற்றினார். "களவு போன வீட்ட அப்புறம் பாக்கலாம்மா. பொருள் எங்க போய்ச் சேர்ந்திருக்குன்னு முதல்ல பாரு."

பொருள் அங்கேதான் இருந்தது. ஊரிலிருந்து அலை வரைக்கும் நடந்துசெல்லக் கால் ஓய்ந்துபோகும் அளவுக்கு அகலமான மணல். நடுவில் அடப்பங்கொடி படர்ந்து மேடுகள் கட்டியிருக்கின்றன. இந்தக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ பங்குனியிலிருந்து ஐப்பசி வரை, அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளும். வாடைக் காற்று வீசும் மழைக்காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பி வரும். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே நடந்துகொண்டே இருக்கிறது. கடற்கரை என்று நாம் நின்று பார்ப்பது, நகர்ந்துகொண்டிருக்கும் ஓர் ஊர்வலத்தின் ஒரு கணம்தான். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்களை நீட்டினார்கள். ஊர்வலம் தென்புறச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் மணல் ஏறியது. வடக்கே அலை தன் வேலையை நிறுத்தவில்லை. இருந்த மணலை எடுத்துக்கொண்டு போனது, பதிலுக்குப் புது மணல் வரவில்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியபோதே தெற்கே மெரினா விரிந்ததையும் வடக்கே ராயபுரம் கரைந்ததையும் இதே கரையில் நூறு ஆண்டுகள் பார்த்த பிறகுதான் இங்கே இதைச் செய்தோம். தேங்கும் மணலை எடுத்து வடபுறம் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை.

வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், உங்கள் ஊருக்கு மணல் லாபம்தானே என்று கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்: "என்னா லாபம்? முகத்துவாரம் தூந்துபோச்சுன்னா போட்டு உள்ள வராது. தட்டி நின்னுச்சுன்னா அலை பொரட்டிரும்." மணல் கூடிய இடத்திலும் துன்பம்தான் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் காந்தி சிலைக்கு வந்தோம். 2018-ஐ ஒட்டி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் ஆப்பு போன்ற ஒரு பெரிய இரும்புக் கட்டமைப்பைக் கடலுக்குள் மூழ்கவைத்தார்கள். அதன் மறைவில் அலையின் வேகம் குறைய, மணல் தங்குகிறது; முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் அழுத இடத்துக்கு அருகே ஒரு சிறுமி ஐஸ்கிரீம் டப்பாவில் மணலை அடைத்துக் கவிழ்த்து, இட்லி என்று தன் தம்பிக்கு விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1952 புயலில் பழைய பாலம் போன பிறகு கட்டிய கடல் பாலமும் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்துவிட்டது. மிஞ்சிய தூண்களைக் காட்டி, "அதுல நின்னு தூண்டில் போட்டிருக்கேன்" என்றார் மாமா.

இரண்டாம் நாள்: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், ஆரோவில் மேடு

நேற்று எழுதியதைப் படித்த மாமா ஒரு திருத்தம் சொன்னார். மணல் முட்டி நின்றது என்று எழுதியிருக்கிறேன். நின்றால் பரவாயில்லையே, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்துதானே முகத்துவாரத்தைத் தூர்க்கிறது என்கிறார். சரிதான்.

புதுச்சேரி தன் நகரைக் காப்பாற்றிக்கொள்ள வடக்கே வடக்கே கல் கொட்டிக்கொண்டு போனது. கல் சுவர் முடியும் இடத்தில் அலை அதிகமாக அரிக்கும் என்பதால், சுவரை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. நீட்டி நீட்டி மாநில எல்லை வந்தது. அதற்கு அப்பால் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். துறைமுகம் ஓர் ஆட்சிக்கு, வீடு இடிந்தது இன்னோர் ஆட்சிக்கு. மனு எழுதுகிறவர்கள் முகவரியை எப்படி எழுதியிருப்பார்களோ.

தந்திராயன்குப்பத்தில் ஒரு வீட்டின் பாதி மட்டும் நிற்கிறது. சமையலறைச் சுவரில் பதித்த நீல ஓடுகளும், அதில் மஞ்சள் கறை படிந்த அலமாரிப் பலகையும் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கின்றன. அடுப்பு மேடைக்குக் கீழே நண்டு வளை. பக்கத்து வீட்டு அம்மா, அந்த வீட்டுக்கு முன்னால் முன்பு இரண்டு வரிசை வீடு, அதற்கு முன்னால் வலை காயவைக்கும் இடம், அதற்கும் முன்னால் தென்னை என்று கையை நீட்டி நீட்டிக் கடலுக்குள் காட்டினார். அவர் காட்டிய தென்னைக்கு மேல் அப்போது ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. இப்போது இந்தக் கரைகளிலும் தூண்டில் முள் வளைவு என்று மக்கள் சொல்லும் கல் கட்டுமானங்கள் வந்திருக்கின்றன. வளைவின் தெற்கே மணல் சேர்ந்து, அங்கே வெளியூர் இளைஞர்கள் அலைப்பலகையில் சறுக்குகிறார்கள். வளைவின் வடக்கே என்ன ஆகும் என்று இதற்குள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. "எங்களுக்கு வேணும்னுதான் நாங்க கேட்டோம், அவங்களுக்கு வேணும்னு அவங்க கேக்கறாங்க" என்று அந்த அம்மா வடக்கே கை காட்டினார். யாரையும் குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை.

மாலையில் மேட்டுக்கு ஏறினோம். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு மரமற்ற செம்மண் பொட்டலாக, மழை கிழித்த ஓடைகளோடு கிடந்தது. பழைய படங்களைப் பார்த்தால் வேறு கிரகம் போலிருக்கும். அங்கே வந்தவர்களும் சுற்றுக் கிராமத்துத் தொழிலாளர்களும் முதலில் செய்த வேலை மரம் நடுவது அல்ல, வரப்பு போடுவது என்பதை மாமா அழுத்திச் சொன்னார். விழுந்த மழை அந்தந்த வயலை விட்டு வெளியே போகாமல் கட்டி நிறுத்திய பிறகுதான் மரம் பிடித்தது. இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு கோயில் காடுகளில்தான் துண்டுதுண்டாக எஞ்சியிருந்தது; அங்கிருந்து விதை எடுத்து வளர்த்த காடு இப்போது நிழல் தருகிறது. மண்ணைத் தன் இடத்திலேயே நிறுத்திவைப்பதற்கு இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரே உதாரணம் இதுதான். மேட்டை விட்டு இறங்கியதும் புது மனைப் பிரிவுகளின் விளம்பரப் பலகைகள் வரிசையாக நின்றன.

மூன்றாம் நாள்: பாகூர் ஏரி, தென்பெண்ணை, மாமா வீட்டுச் சுவர்

பாகூர்ச் சாலையில் பத்து நிமிடத்துக்குள் மாநிலம் நான்கு முறை மாறுகிறது. கைப்பேசிக்கு வரும் வரவேற்புச் செய்திகளை விட, சாலையோரச் சாராயக் கடைகளைக் கொண்டு எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது என்பது மாமாவின் முறை.

ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி பாகூர் ஏரி. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செப்பேடு, இந்த ஊரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அப்படிக் கொடுக்கும் அளவுக்கு விளைந்த பூமி. ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுப் பகுதியில் உள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் அதைக் கொண்டுவருகிறது. கரையில் நின்றபோது நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. மதகுக் கல்லில் ஒரு கையளவு பாசி. மாமா அதை நகத்தால் சுரண்டி, இந்த ஆண்டு தண்ணீர் எதுவரை நின்றது என்று பார்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நம் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்; கடைசி ஏரியும் நிரம்பிய பிறகுதான் மிச்சம் ஆற்றுக்கும் கடலுக்கும். பெருமழையை இருபது முப்பது இடங்களில் பிடித்துவைத்து மெல்ல விடும் ஏற்பாடு அது. ஏரி வாரியமும் குடிமராமத்தும் கட்டிக் காத்தது ஏரியை மட்டும் அல்ல, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த வாய்க்காலையும்தான். நாம் ஏரியை விட்டுவைத்தோம், வாய்க்காலை வீட்டுமனையாக்கினோம். ஏரி தூர்ந்து மேடாயிற்று; ஆறோ மணல் அள்ளிப் பள்ளமாயிற்று. ஆற்றுப்படுகை கீழே போய்விட்டால் வாய்க்காலின் தலை மேலே நின்றுவிடும். சாதாரண நீர் ஏறாது, வெள்ளம் வந்தால்தான் ஏறும். ஏரிக்கு வறட்சியும் ஊருக்கு வெள்ளமும் ஒரே ஆண்டில் வருவது இப்படித்தான். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் ஆறு கொண்டுவரும் மணல் அணைகளில் தங்கிவிடுகிறது. தங்காமல் வந்ததை லாரி எடுத்துக்கொள்கிறது. முதல் நாள் பார்த்த ஊர்வலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டிய ஆறுகளில் இதுவும் ஒன்று. துறைமுகச் சுவர் இல்லாவிட்டாலும் இந்தக் கரைக்கு வர வேண்டிய மணல் குறைந்துதான் போயிருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகு நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த மழை மலைப்பக்கம் நகர்ந்து தென்பெண்ணையின் மேற்பகுதியில் கொட்ட, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். புயல் எங்களுக்குப் புதிது அல்ல. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். நாம் எரித்த புகையால் பூமியில் தேங்கிய கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடலுக்குள் போயிருக்கிறது. அந்தக் கடலிலிருந்துதான் புயல் தன் மழையை எடுத்துவருகிறது. அதே வாய்க்காலில் பழைய மழை வந்திருந்தாலே தாங்கியிருக்காது. வந்ததோ புது மழை.

மாலையில் கடலூரில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டோம். கூடத்துச் சுவரில், காலண்டருக்குக் கீழே, மாமா பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கின்றன. 2015 கணுக்கால். 2021 நவம்பர் முழங்கால். 2.12.2024 என்று எழுதிய கோடு என் இடுப்புக்கு மேல். மூன்றாவது கோட்டை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த பிறகும் மறையாத சேற்றின் மஞ்சள் பட்டை ஓடுகிறது; அத்தை அதன் மேல் அவசரத்துக்குப் பிள்ளையார் படம் ஒன்றை மாட்டியிருக்கிறார். வீட்டுக்குப் பின்புறம் ஓடும் தெரு, 1990-களில் மனை பிரிக்கும் வரை வாய்க்கால். வாழ்நாள் முழுக்க வாய்க்காலை அளந்தவர் வாய்க்கால் ஓரத்தில் எப்படி வீடு கட்டினார் என்று நான் கேட்கத் தயங்கியதை அவரே எடுத்தார். "தெரிஞ்சேதாம்மா வாங்கினேன். விலை கம்மி. மணலும் பக்கத்து ஆத்துலேருந்தே வந்துச்சு, வண்டிக் கூலி மிச்சம்." அத்தை உள்ளேயிருந்து, "எழுதுறாளாம், இதையும் எழுதிடப் போறா" என்றார். எழுதச் சொன்னவர் மாமாதான்.

நான்காம் நாள்: தேவனாம்பட்டினம், உப்பனாறு, பண்ருட்டி

விடியும் முன் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். நடைபயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போன ஒரு பொட்டுக் கறுப்பு, அருகே போனதும் ஆமை என்று தெரிந்தது. பங்குனி ஆமை. கழுத்து வீங்கி, கண் இருந்த இடத்தில் மணல் அடைத்து, ஓட்டின் மேல் இரண்டு சிப்பிகள் உயிரோடு ஒட்டியிருந்தன. மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர் இது. இழுவை வலைக்குள் அகப்பட்டால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். இந்த மாதங்களில்தான் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. வந்து முட்டையிட்டாலும், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. 30 பாகையை ஒட்டிய ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பொரிக்கும். கரையில் கருங்கல் கொட்டிய இடத்தில் அது ஏறவே முடியாது. புதுச்சேரியில் பாறைக்கு முன்னால் நின்று அழுதவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்த மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அது நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலையால் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மணல்மேடும் தாழையும் இருந்த இடம், வெட்டி மட்டமாக்கிய இடம் என்ற வேறுபாடு அலை எதுவானாலும் வேறுபாடுதான்.

முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் 1980-களில் எழுந்த ரசாயனத் தொழிற்பேட்டை வழியாகப் போனோம். ஆட்டோ ஓட்டுநர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டதைப் பார்த்து நாங்களும் கட்டிக்கொண்டோம். அங்கே குடியிருப்பவர்கள் கட்டிக்கொள்வதில்லை. நாற்பது ஆண்டுகளாக மூக்கைக் கட்டிக்கொண்டு யார் சோறு ஆக்க முடியும்? ஆற்றங்கரையில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச மாமா போனார். அவர் பேசப் பிரியப்படவில்லை. இப்படி வந்து கேட்டுக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்த்திருப்பார்.

பண்ருட்டிக்கு அருகே அத்தையின் அண்ணனுக்குப் பலாத் தோப்பு இருக்கிறது. இருந்தது என்றும் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறி, இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் படுக்கவைத்துவிட்டுப் போனது. அவர் தோப்பில் நாற்பத்தோரு மரம் விழுந்தது. அவருடைய தாத்தா வைத்தவையும் அதில் உண்டு. விழுந்த மரத்தை மரக்கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்தாராம். அந்த ஆண்டு ஊர் முழுக்கப் பலா மரம் கிடந்ததால் யாருக்கும் விலை கிடைக்கவில்லை. பிறகு ஒட்டுக் கன்று வைத்தார். பதினான்கு ஆண்டுகளில் அவை ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனுக்கு வந்திருக்கின்றன, அடிமரத்தில் கட்டைவிரல் அளவுப் பிஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தோப்பின் நடுவில் ஒரு பள்ளத்தை மட்டும் அவர் மூடவில்லை. தாத்தா மரம் வேரோடு பெயர்ந்த குழி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது, தவளை கத்துகிறது, இருக்கட்டும் என்கிறார். முன்பெல்லாம் புயலுக்குப் பிறகு ஒரு தலைமுறைக்குப் பயமில்லை என்று கன்று வைப்போம், இப்போது வைக்கும்போதே அடுத்த புயலுக்குள் காய்த்துவிடுமா என்று கணக்குப் போடுகிறேன் என்றார். அடுத்த நாளுக்கு என்று ஒரு பை முந்திரிப் பருப்பைக் கையில் திணித்தார்.

ஐந்தாம் நாள்: வடலூர், நெய்வேலி, பிச்சாவரம்

பிச்சாவரத்துக்கு நேர் வழி இருக்க, மாமா வடலூர் சுற்றிப் போகலாம் என்றார். 1867-இல் வள்ளலார் பசித்தவர்களுக்காக மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையாமல் எரிகிறது. நாங்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கிருந்து நெய்வேலி கூப்பிடு தூரம். அங்கே எரிவது வேறு அடுப்பு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வந்த கறுப்புப் பொருள், 1956-இல் ஒரு பெரிய பொதுத்துறை நிறுவனமாயிற்று. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தை வெட்ட முடியும். முன்பு தானாகப் பீறிட்ட கிணறுகளைப் பற்றிச் சுற்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஈரம் மிகுந்த இந்தக் கரியில், ஒரே அளவு மின்சாரத்துக்குச் சாதாரண நிலக்கரியை விட அதிகக் கரியமில வாயு வெளியேறும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் நெல்வயலுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. சுரங்க மண் குவியல்கள் சாலையிலிருந்து மலைத்தொடர் போலத் தெரிகின்றன. நான் படித்து வளர்ந்த விளக்கு வெளிச்சம் இதிலிருந்து வந்தது, இதை எழுதும் மடிக்கணினியும் இதில்தான் ஓடுகிறது. வடலூர்ச் சோறு சமைந்த அடுப்பையும் இதையும் ஒப்பிட்டு ஏதோ சொல்ல வந்தேன். மாமா, "ரெண்டுலயும் சாப்பிட்டிருக்கோம்" என்று முடித்துவிட்டார்.

பிச்சாவரத்தில் வெயில் சாயும் நேரத்தில்தான் துடுப்புப் படகு கிடைத்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. வாய்க்கால் விளிம்பில் சுரபுன்னை, நண்டுக் கால் போல வளைந்த வேர்களை ஊன்றி நிற்கிறது. அதற்குப் பின்னால் வெண்கண்டல், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சு வேர்களை நீட்டியிருக்கிறது. மேட்டுப் பக்கம், சிதம்பரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று படகோட்டி எச்சரித்தார்.

இந்தக் காடும் முழுதாக நமக்குக் கிடைத்தது அல்ல. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970-கள் வரை கூறு கூறாக வெட்டி விறகுக்கு எடுத்தார்கள். மரம் போன சேறு வெயிலில் சுருங்கித் தொட்டி போலப் பள்ளமானது. அலைநீர் உள்ளே வந்து திரும்ப வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு மிஞ்சி, எதுவும் முளைக்காத நிலமாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலை வந்து போக வழி செய்த பிறகு கன்று நட்டன. கரையைக் காக்கக் கல்லைக் கொட்டியவர்களையே நான்கு நாட்களாகப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, கரையைக் காக்கத் தண்ணீருக்கு வழி வெட்டியவர்களின் வேலையைப் பார்க்கப் படகிலிருந்து எழுந்து நிற்கத் தோன்றியது; எழுந்தேன், படகோட்டி அதட்டினார். மாமா வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். கடல்மட்டம் 1900-க்குப் பிறகு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. இந்தக் காடு மூழ்காமல் இருக்க வேண்டுமென்றால் ஆறு கொண்டுவரும் வண்டல் அதன் காலடியை உயர்த்திக்கொண்டே போக வேண்டும். வண்டல் மேலே எந்தெந்த அணையில் நிற்கிறது என்று அவர் விரல் விட்டு எண்ணினார். நன்னீர் குறையக் குறைய, உப்புத் தாங்கும் வெண்கண்டல் மட்டும் மிஞ்சும், சுரபுன்னை ஒதுங்கும் என்றார்.

சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. கீழே மிதந்துவந்த ஒன்றை மாமா எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்; வீட்டுக்குப் பின்னால், அந்த வாய்க்கால் தெருவில், மழைத் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஊன்றிப் பார்க்கலாமே என்பது அவர் யோசனை. "அங்க வராதுங்கய்யா. இங்கேயே போடுங்க, அதுக்குத் தெரியும் எங்க நிக்கணும்னு" என்றார் படகோட்டி. மாமா சற்று நேரம் அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு படகுக்கு வெளியே தாழக் குனிந்து, வீசாமல், தண்ணீரின் மேல் வைத்தார். ஏற்றம் தொடங்கியிருந்தது. அது படுத்தபடியே இரண்டு முறை சுற்றி, எங்களைக் கடந்து, வேர்களுக்கு இடையே இருந்த சின்ன வாய்க்காலுக்குள் போயிற்று.